படிச்சுக் காட்டுங்க

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. குடிமையியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மக்களவையில் 543 இடங்கள், ஊராட்சிகளுக்கான 73வது திருத்தம் 1992 என்று மடமடவென ஒப்பித்தாள். "நம்ம தெருவிளக்கு எரியலன்னா யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எம்.எல்.ஏ.கிட்டயா மாமா?" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தெருவிளக்கும் குடிநீரும் ஊராட்சியின் பொறுப்பு என்பதை எங்களுக்கும் யாரும் ஊருக்குள் கூட்டிப்போய்க் காட்டவில்லையே.

அக்டோபர் 2 அன்று அவளைக் கிராம சபைக்கு அழைத்துப்போனேன். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோருமே அதன் உறுப்பினர்கள். இவளுக்கு இன்னும் ஓட்டு இல்லை, அதனால் ஜமுக்காளத்தின் ஓரமாக உட்கார்ந்தாள். கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. பாதிப் பேர் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். பார்க்கவே மனசு வலித்தது.

ஒரு பெரியம்மா மட்டும் நோட்டை வாங்கவில்லை. "எங்க தெருக் குழாயில தண்ணி வந்து பதினோரு நாளாச்சு. முதல்ல அதை எழுதுங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க" என்றார். செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, சத்தமாக வாசித்தார். 'பதினோரு நாள்' விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்க்கச் சொல்லி, மறுபடி கேட்ட பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

ஒவ்வொரு பள்ளியும் பிள்ளைகளை ஒருமுறையாவது இங்கே உட்கார வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஆறு கூட்டம் நடக்கிறது.

வீடு திரும்பியதும் குடிமையியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் குழாய் விவரத்தைத் தேதியோடு எழுதிவைத்தாள். நவம்பர் 1 கூட்டத்துக்கும் வருகிறாளாம்.