இன்னிக்கு யார் பாடு?

நான் பி.காம். டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆனால்தான் தூக்கம் வரும். ஆனால் ஒரே ஒரு கணக்கு மட்டும் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவே இல்லை. கோபக் கணக்கு!

அப்போது ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே இரண்டு பையன்கள். 'கீழே' என்று யாராவது இருந்துவிட்டால் மனுஷனுக்குத் தொண்டை தானாகப் பெரிசாகிவிடுகிறது. மேனேஜர் ரூமுக்குள் என்னை வாங்குவார். நான் வெளியே வந்து, வட்டியும் சேர்த்துப் பையன்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

ஒருநாள், பழவேற்காட்டிலிருந்து வந்த எடைச் சீட்டு ஒன்றைக் காணோம். "மூளையை வீட்டுல வெச்சுட்டு வந்தியாடா?" என்று சின்னவனை ஆபீஸே பார்க்கக் கத்தினேன். அவன் எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம்! அப்புறம் கை நடுங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, மனசுக்குள் அவனோடு மறுபடி ஒரு ரவுண்டு. அவன் தூங்கினானோ என்னவோ, நான் தூங்கவில்லை.

சீட்டுக்கு நகல் வாங்க மறுநாள் நானே பழவேற்காட்டுக்குப் போனேன். ஏரியில் படகுகள். கரையில் ஒரு பெரியவர் மட்டும் சாவகாசமாக வலையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையாய்யா?"

"இன்னிக்கு எங்க பாடு இல்ல தம்பி."

அங்கே 'பாடு' என்றால் முறை. ஏரியில் இறால் படுகிற இடங்களில் யார், என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வது பரம்பரைப் பழக்கம்.

"சண்டையே வராதா?"

"வராம இன்னா? பாடு இல்லாதவங்களோட வந்திருக்கு. ஆனா படகுல கத்தக் கூடாது தம்பி. கத்தறவன்கிட்ட எவனும் வாயைத் திறக்க மாட்டான். முன்னால சேறு இருக்குன்னு தெரிஞ்சாலும் சொல்ல மாட்டான்."

எனக்குச் சுருக்கென்றது.

திரும்பி வந்து டிராயரைத் திறந்தால்... சிரிக்காதீர்கள், அங்கேதான் இருந்தது அந்தச் சீட்டு! நான் வைத்ததுதான். சின்னவனைக் கூப்பிட்டேன்.

"நீங்க வெச்சதைப் பார்த்தேன் சார். சொன்னா இன்னும் கத்துவீங்கன்னு..."

அப்போதுதான் கணக்கு புரிந்தது. என் கத்தலால் அவனுக்கு அவமானம், சந்தேகமே இல்லை. எனக்கு? தூக்கம் போச்சு, சோறு போச்சு, உண்மையைச் சொல்ல இருந்த ஒரே ஆளும் போச்சு. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றான். ஆனாலும் அவன் என்னிடம் ஒரு தப்பைத் தைரியமாகச் சுட்டிக்காட்ட ஆறு மாசம் ஆயிற்று.

பிற்பாடு ஒரு விஷயம் படித்தேன். மாரடைப்பு வந்த 1,623 பேரை விசாரித்து அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி, 1995-ல் வெளியானது. கடுங்கோபம் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்கும் மேலே போகிறதாம். கத்துவது ஆபீஸ் வேலை, நெஞ்சு நம்முடையது!

இப்போதும் கோபம் வருகிறது. நான் என்ன புத்தரா? தொண்டை வரை வந்ததும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்: 'இன்னிக்கு உன் பாடு இல்ல தம்பி!'