'எனக்கு வலிக்குது'ன்னு ஸ்பானிஷ்ல

1/ போன வருஷம் லீவு போட்டு, நாலு வாரம் ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயின்ல இருக்கிற காதிஸ் போயிருந்தேன். அட்லாண்டிக் ஓரத்து ஊர், ஏறக்குறைய சுத்தியும் கடல். மூணு வாரம் தாண்டியும் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி பேசுறது மட்டும் பிடிபடல. அந்த ஊர்ப் பேச்சுல வார்த்தையோட கடைசி 'ஸ்' காத்தோட போயிடும்.

2/ கிளம்ப மூணு நாள் இருக்கும்போது எனக்குச் சளி, தும்மல். பாட்டி "கான்ஸ்திபாதோ?"ன்னாங்க. மலச்சிக்கலைத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சு, "இல்லை இல்லை, காலையிலயே போயாச்சு"ன்னு சைகையில சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அங்க அதுக்கு ஜலதோஷம்னு அர்த்தம். படிச்ச எம்பிபிஎஸ் மானம் கப்பலேறிடுச்சு 😅

3/ கடைசி ராத்திரி. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு "மே துவேலே"ன்னாங்க. 'மே'ன்னா எனக்கு, 'துவேலே'ன்னா வலிக்குது. அப்படியே நம்ம தமிழ்! 'மே குஸ்தா'வும் அப்படித்தான்: எனக்குப் பிடிக்கும். முதல் தடவையா மனசுக்குள்ள இங்கிலீஷுக்கு மாத்தாமலே புரிஞ்சது. அந்த ஊர்ல மருந்து எழுத எனக்கு உரிமை இல்லை. அதனால அரைமணி நேரம் கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தேன். எழுந்திருக்கும்போது என் கன்னத்தைத் தட்டிட்டுப் போனாங்க.

4/ இங்க நம்ம ஓபில ஆளுக்கு ரெண்டு நிமிஷம். நோயாளி என் தாய்மொழியிலதான் சொல்றாங்க. நான்தான் பாதியிலயே நிறுத்திட்டுச் சீட்டு எழுதுவேன்.

5/ திரும்பி வந்ததுல இருந்து, முழங்கால் வலின்னு வர்ற பாட்டிகளை முதல் வாக்கியத்தையாவது முடிக்க விடுறேன். கூட்டம் அதிகமான நாள்ல அதுவும் முடியறதில்லை.