காடாம்புலியூரில் ஒரு பழைய வாஷிங் மெஷின்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் முந்திரிக் கடைகளுக்கும் பலாப்பழக் குவியல்களுக்கும் நடுவே வரும் ஊர் காடாம்புலியூர். வெளியூர்க்காரர்கள் இங்கே காரை நிறுத்தினால் முந்திரி வாங்கத்தான். நானோ போன மாதம் இந்தச் சாலையில் மேலும் கீழுமாக அலைந்தது, முப்பது வருடப் பழைய வாஷிங் மெஷின் ஒன்றைத் தேடி.

அப்பா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1957-ல் தொடங்கிய சுரங்கம் அது. அதையொட்டி எழுந்த டவுன்ஷிப்பில், வட்டத்துக்கு வட்டம் வரிசையாகக் குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றதும் காலி செய்துவிட வேண்டும். பலர் அக்கம்பக்கத்து ஊர்களில் மனை வாங்கி வீடு கட்டுவார்கள். நாங்கள் வந்தது காடாம்புலியூருக்கு. வரும்போது பாதி சாமான்களை விற்றுவிட்டோம். ஆனால் 1994-ல் போனஸ் பணத்தில் வாங்கிய வாஷிங் மெஷினை மட்டும் அம்மா லாரியில் ஏற்றியே தீருவேன் என்றார்.

இரண்டு தொட்டி வைத்த மெஷின். ஒன்றில் துவைக்கும், இன்னொன்றில் சுற்றிப் பிழியும். அந்தப் பிழியும் தொட்டியைத்தான் நம் வீடுகளில் ‘டிரையர்’ என்போம். சூடு காட்டி உலர்த்தும் டிரையர் நமக்கு எதற்கு? மொட்டை மாடி வெயில் போதாதா!

இரண்டு மாதம் முன்பு துவைக்கும் தொட்டியின் அடியில் சுழலும் விசிறி தேய்ந்து நின்றுவிட்டது. “புதுசு வாங்கிடலாம்மா” என்றேன்.

“மோட்டார் நல்லாத்தானே ஓடுது? புதுசுல ஒரே தண்ணியில வெள்ளை, கலர், மிதியடின்னு மூணு ஈடு போட முடியுமா?” என்று கேட்டுவிட்டு, கல்லில் துவைக்கப் போய்விட்டார். அம்மாவுக்கு 68 வயது. ஒரே வாரத்தில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உள்ளூர் மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். “பெல்ட், கண்டன்சர், டைமர் எல்லாம் எதையாவது பொருத்திடலாம் தம்பி. இந்த விசிறி மட்டும் அந்தந்த மாடலுக்குத்தான் சேரும். இதே மாடல் பழசு ஒண்ணு கிடைச்சா கொண்டாங்க.”

பண்ருட்டியில் இரண்டு காயலான் கடை, வடலூரில் ஒன்று. எங்கும் இல்லை. காரணத்தை ஒரு கடைக்காரர் சொன்னார்: “மோட்டார்ல செம்பு இருக்கு சார். வந்த அன்னைக்கே உடைச்சிடுவோம்.”

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஈட்டன் என்ற ஊரில் லீ மேக்ஸ்வெல் என்ற மின்பொறியியல் பேராசிரியர், ஆயிரத்துக்கும் அதிகமான பழைய துவைக்கும் இயந்திரங்களைச் சேர்த்து அருங்காட்சியகமே வைத்தார். நம் பக்கத்திலும் வாஷிங் மெஷினுக்குக் கதை உண்டு. டிவிஎஸ்ஸும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் 1980களின் கடைசியில் கைகோத்தபோது, தொழிற்சாலை வந்தது புதுச்சேரி பக்கம் திருபுவனையில். ஆனால் பழைய மெஷினை எடுத்து வைக்கத்தான் ஆள் இல்லை. செம்பு விலைக்குப் போய்விடுகிறது.

கடைசியில் ஆர்ச் கேட் பக்கம் ஒரு கடையில், துருப்பிடித்த பீரோக்களுக்குப் பின்னால் அதே மாடல் நின்றது. விலை 1,200 ரூபாய்.

பழைய மெஷின் வாங்குபவர்களுக்கு மெக்கானிக் சொன்ன பாடம் இது. அடித்தகடு துருவில் உதிர்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரையர் மூடியைத் திறந்தால் சில விநாடிகளில் சுற்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரேக் போய்விட்டது, கை வைத்தால் ஆபத்து. தண்ணீர் ஊற்றி, அடியில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். வீட்டில் எர்த் இணைப்பு இல்லாமல் இரும்பு உடம்பு மெஷினை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

வாங்கிய மெஷினின் மூடிக்கு உள்பக்கம் யாரோ பெயின்ட்டால் எழுதியிருந்தார்கள்: ‘வெள்ளை 6, கலர் 4, மிதியடி 10’. எந்த வட்டத்து வீட்டு அம்மாவோ, நிமிடக் கணக்கு. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று விற்றுவிட்டுப் போயிருக்கலாம்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “கலருக்கு நாலு நிமிஷம் பத்தாதே” என்றார். பிறகு மெக்கானிக்கிடம், “விசிறியோட அந்த மூடியையும் நம்ம மெஷினுக்கே மாட்டிடுப்பா” என்றார்.

முதல் ஈட்டில் அப்பாவின் வேட்டி. துவைத்து, பிழிந்து, கச்சிதமாக வந்தது. முந்திரிப்பழச் சாறு பட்ட கறை மட்டும் அப்படியே இருந்தது. அதைப் போக்கும் மெஷின் இனிமேல்தான் வர வேண்டும்!

மிச்சமான உடம்பைக் காயலான் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்றேன். அம்மா விடவில்லை. கொல்லையில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறார்.

“அதுலயும் மோட்டார் நல்லாத்தானே ஓடுது?”