மாடிக்கு ஏறிய வீடு

டிசம்பர் 18, 2023

ராத்திரி முழுக்க விடாத மழை. நாலு மணிக்கு மூத்தவள் எழுப்பினாள். கட்டில் காலைத் தண்ணீர் தொட்டிருந்தது. சின்னவனைத் தூக்கக் கலக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய் மாடியில் வீட்டுக்கார ஆச்சியிடம் விட்டேன். நடுவுள்ளவள் தன் கலர் பென்சில் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். மூத்தவள் கையில் இருந்தது ரேஷன் கார்டும் ஆதாரும் தம்பியின் தடுப்பூசி அட்டையும் உள்ள பச்சை ஃபைல். பிளஸ் டூ படிக்கிறவள் தன் புத்தகத்தை எடுக்கவில்லை.

இவர்கள் அம்மா மதுரையில். மாமியாருக்குக் கண் ஆபரேஷன். போன் போகவில்லை.

டிசம்பர் 19

கரண்டு இல்லை. எங்கள் முத்தம்மாள் காலனி முழுக்கத் தண்ணீர்.

டிசம்பர் 20

ஆச்சியின் ரேடியோவில் கேட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். கோரம்பள்ளம் குளத்துத் தண்ணீரும் ஊருக்குள் வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் இருந்தவர்களை மீட்டுவிட்டார்களாம்.

சின்னவனுக்கு அஞ்சு வயது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மொட்டைமாடிக்கு ஓடுகிறான். பன்னிரண்டு வயதுக்காரி, “அந்த ரயில்ல அம்மா இருந்திருப்பாங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூத்தவள் ஒன்றும் கேட்கவில்லை. அரிசியை அளந்து, இன்னும் எத்தனை வேளைக்கு வரும் என்று ஆச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இவதான்யா இந்த வீட்டுக்குத் தாய்” என்றாள் ஆச்சி. நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பதினாறு வயது. பொறுப்பு பொறுப்பு என்று புகழ்ந்தே அந்தப் பிள்ளையை எல்லோருமாக வேலைக்கு வைத்துவிட்டோம். “ஏட்டி, கொஞ்ச நேரம் படு” என்றேன். “பாலுக்குத் தண்ணி கலந்துட்டு வாரேன்ப்பா” என்று போய்விட்டாள்.

டிசம்பர் 21

விடியற்காலையில் நடுவுள்ளவள் என் தோளைத் தொட்டாள். “அப்பா, ரத்தம்.” கல் ஏதும் குத்திவிட்டதோ என்று காலைப் பார்த்தேன். “கால்ல இல்ல” என்றாள். விளங்கிவிட்டது.

மாடிக்கு வந்த நாளிலிருந்து மூத்தவள் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். “அக்காவ எழுப்பட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். வீட்டில் இருந்த நாப்கின் பாக்கெட் ஊறிப் பொதபொதவென்று கிடந்தது. கடை எதுவும் திறக்கவில்லை. ஆச்சி பெட்டியிலிருந்து பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்துத் தந்தாள். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது. நான் முழ நீளத்துக்குக் கிழித்துக் கொடுக்க, ஆச்சி மடித்துக் காட்டினாள். நான் டார்ச்சை உள்ளே கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன். “அப்பா, போயிடாதீங்க” என்று உள்ளேயிருந்து இரண்டு தடவை குரல் வந்தது. “இங்கதாம்மா நிக்கேன்.”

வெளியே வந்ததும், “பசிக்கி” என்றாள். உளுந்தங்களிக்கு எங்கே போக? ஆச்சி நல்லெண்ணெயில் ஒரு முட்டை ஊற்றிக் கொடுத்தாள். அதில் பாதியைத் தம்பி தின்றான்.

மூத்தவள் எழுந்து விஷயம் தெரிந்ததும், “என்ன ஏன் எழுப்பல?” என்று கத்தினாள். பிறகு அழுதாள். வெகுநேரம் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 23

பஸ் ஓடுகிறது. இவர்கள் அம்மா வந்துவிட்டாள். தெருமுனையில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவள் முதலில் கட்டிக்கொண்டது மூத்தவளை.

டிசம்பர் 29

உப்பளத்துக்குப் போனேன். அம்பாரம் கரைந்து கிடக்கிறது. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. முதலாளி என்ன சொல்வார் என்று தெரியாமலே திரும்பினேன். பிள்ளைகளிடம் பேசவில்லை.

ஜனவரி 3, 2024

நிவாரணம் 6000 ரூபாய். ஸ்டவ், இரண்டு பாய், சின்னவனுக்குச் செருப்பு.

ஜனவரி 7

மச்சான் போன் பண்ணினார். தை பிறந்ததும் சடங்கு வைக்க வேண்டும், தாய்மாமன் சீர் தயார் என்றார். வீடு இருக்கிற நிலையில் எதற்கு என்றேன். நடுவுள்ளவள் முகம் வாடிவிட்டது. அவளுக்குப் பட்டுப் பாவாடை வேண்டும், போட்டோ வேண்டும், வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். ஊருக்குச் சொல்கிற இந்தச் சடங்கு எனக்கு என்றுமே ஒப்பவில்லை. ஆனால் ஆசைப்படுகிறவள் அவள்.

மூத்தவளுக்கு 2020 ஊரடங்கில் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து வைக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். “அவளுக்கு வைங்க. நான் இனிமே உக்கார மாட்டேன்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, “காலேஜுக்குச் சென்னை போகட்டுமாப்பா?” என்றாள்.

“தம்பி உன்னத் தேடுவானே.”

“அவனுக்கு அப்பா நீங்கதானே.”

ஜனவரி 8

இவர்கள் அம்மாவிடம் சொன்னேன். மதுரை என்றால் பாட்டி வீடு இருக்கிறது, அங்கே படிக்கட்டும் என்கிறாள். மூத்தவள் சென்னைதான் என்கிறாள். பரீட்சை மார்ச் 1-ம் தேதி தொடங்குகிறது. என்ன படிக்கப் போகிறாள் என்றுகூட நான் இன்னும் கேட்கவில்லை. நாளை கேட்க வேண்டும், சின்னவன் பக்கத்தில் இல்லாத நேரமாக.