தோளைக் காப்பாற்றிய பாடம்

என் கணவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்கள் இயங்காமல் போய் ஆறு வருஷமாகிறது. சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்த அன்று, "இதிலே கத்துக்க என்ன இருக்கு? சக்கரத்தைப் பிடிச்சுத் தள்ள வேண்டியதுதானே!" என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் தள்ளுவது குட்டிக் குட்டித் தள்ளாக, சடசடவென்று இருக்கும். ஹாலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் பதினாலு தள்ளு. இரண்டே வருஷத்தில் தோள்வலி வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் தைலம், ஒத்தடம். எனக்கு அடிவயிற்றில் பயம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் அந்தக் கைகளை ஊன்றித்தானே? அதுவும் போய்விட்டால்?

பிசியோதெரபிக்குப் போன இடத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தோம். இருபது வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஒரு தள்ளு தள்ளினால் நாற்காலி வழுக்கிக்கொண்டு ஓடியது!

"தம்பி, வளையத்தை இறுக்கிப் பிடிக்காதீங்க. பின்னாலேருந்து முன்னால வரைக்கும் நீளமா, நிதானமாத் தள்ளுங்க. விட்டதும் கையை மேலே தூக்காம, வளையத்துக்குக் கீழே தொங்கவிட்டுப் பின்னால கொண்டு போங்க" என்றார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லையாம். வலித்து வலித்துத் தானே கண்டுகொண்டது.

2005-ல் அமெரிக்காவில் வெளியான மருத்துவ வழிகாட்டியிலும் இதே முறைதான் சொல்லியிருக்கிறது என்றார் பிசியோதெரபிஸ்ட். வளையத்தின் உச்சியில் கை வைத்தால் மேற்கைக்கும் முன்கைக்கும் இடையிலுள்ள முழங்கைக் கோணம் 100 முதல் 120 டிகிரி வரை இருக்க வேண்டுமாம். இவருக்குக் கையை நீட்டினால்தான் எட்டியது. நல்லவேளை, எங்கள் நாற்காலியில் சக்கரத்தை மாற்றிப் பொருத்த வசதி இருந்தது. டயரில் காற்று குறைந்தாலும் தோளுக்குத்தான் பாரம் என்பதால், வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்பது என் பொறுப்பாயிற்று.

பழக்கம் ஒரு நாளில் மாறவில்லை. அவசரம் வந்தால் பழைய சடசடப்பு திரும்பிவிடும். நானும் பொறுக்காமல் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளுவேன். "விடு, நானே வரேன்" என்பார். கையைக் கட்டிக்கொண்டு நிற்க நான் கற்றதுதான் அதைவிடக் கஷ்டம்! வாசல் சரிவில் மட்டும் இன்றைக்கும் குட்டித் தள்ளுதான். அங்கே கையை எடுத்தால் நாற்காலி பின்னால் உருண்டுவிடும்.

இப்போது அடுப்படியில் இருந்தபடியே காது கொடுத்து எண்ணுகிறேன். ஹாலிலிருந்து வாசலுக்கு ஆறே தள்ளு! தோள்வலி அடியோடு போகவில்லை. ஆனால் ராத்திரி தூங்குகிறார்.

உங்கள் வீட்டில் யாராவது சக்கர நாற்காலியில் இருந்தால், வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். தள்ளும் விதத்தை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.