மலைக்கு அந்தாண்ட இன்னா இருக்குது?

பிடித்த வீடியோ கேம் எது என்று எங்கள் வகுப்பில் பேச்சு வந்தால் பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்றுதான் குரல் வரும். கொஞ்சம் நல்ல கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஜி.டி.ஏ. ஃபைவ் என்பார்கள். நான் சொல்வது ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ். உடனே ஒரு சிரிப்பு வரும். "அது நாம பொறந்தப்ப வந்த கேம்டா!" உண்மைதான். பிளேஸ்டேஷன் 2-க்கு 2004 அக்டோபரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2005-ல். ஆனாலும் எனக்கு அதுதான். ஏன் என்று உட்கார்ந்து யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

கதைக்காக இல்லை. துப்பாக்கிச் சண்டைக்காகவும் இல்லை (அது பெரியவர்களுக்கான கேம், தம்பி தங்கைகளுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்). அதில் ஊர் சுற்றலாம். அவ்வளவுதான் காரணம்.

நம் வீடுகளில் "ஊர் சுற்றி" என்பது திட்டு. வேலை இல்லாதவன், உருப்படாதவன் என்று அர்த்தம். எங்கே போனாலும் ஒரு காரணம் இருக்க வேண்டும்: கடைக்கு, ஸ்கூலுக்கு, டியூஷனுக்கு. சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலான கேம்களும் அப்படித்தான். இங்கே போ, இவனைச் சுடு, பாயின்ட் வாங்கு, அடுத்த லெவலுக்கு வா. கொஞ்சம் யோசித்தால் அதுவும் வேலைதான், கூலி மட்டும் கிடையாது.

சான் ஆண்ட்ரியாஸ் தொடக்கத்தில் நம்மை லாஸ் சாண்டோஸ் என்ற ஒரே நகரத்துக்குள் வைத்திருக்கும். பாலங்கள் மூடியிருக்கும். எப்படியாவது தாண்டிப் போனால் நான்கு ஸ்டாரோடு போலீஸ் துரத்தும். பிறகு ஒரு மிஷனின் முடிவில் ஹீரோ சி.ஜே.வைக் கொண்டுபோய் காட்டுக்குள் இறக்கி விட்டுவிடுவார்கள். பக்கத்தில் ஏஞ்சல் பைன் என்ற சின்ன ஊர். தலைக்கு மேலே மவுண்ட் சிலியாட் மலை. அதுவரை தெருவும் கட்டடமுமாக இருந்த கேமில் திடீரென்று மரம், மண் பாதை, மூடுபனி. அடுத்த மிஷன் எங்கே என்று மேப்பில் ஒரு எழுத்து இருக்கும். ஆனால் அங்கே போயே ஆக வேண்டும் என்று யாரும் விரட்ட மாட்டார்கள்.

நான் அதை விளையாடியது எட்டாம் வகுப்பில், அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசாங்க லேப்டாப்பில். அந்த லேப்டாப் வாங்கிய வீடுகளில் சான் ஆண்ட்ரியாஸ் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது :-) மரக்காணத்தில் அது மழைக்காலம். அப்பா உப்பளத்தில் வேலை பார்ப்பவர். ஐப்பசி மழை ஆரம்பித்தால் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது, கூலியும் இருக்காது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அப்பா எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து திரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

மிஷன் ஓடும்போது அவர் எதுவும் கேட்க மாட்டார். வண்டி நகரத்தைத் தாண்டி வெளியே போனதும் கேட்பார். "அந்த மலைக்கு அந்தாண்ட இன்னாடா இருக்குது?" "தெரியலப்பா." "போய்ப் பாரேன்." போய்ப் பார்ப்போம். ஒன்றும் இருக்காது, இறக்கமும் கடலும்தான் இருக்கும். அதற்கே அவருக்குச் சந்தோஷம். பாலைவனப் பக்கம் போனபோது, "இங்க மழை பெஞ்சா இன்னா ஆவும்?" என்று கேட்டார். உப்பளத்துக்காரர் வேறென்ன கேட்பார்? கேமில் அந்தப் பகுதியில் மழை கிடையாது, மணற்புயல்தான் வரும் என்று சொன்னேன். "அப்ப உப்பு வெளையும்" என்றார்.

அப்பா ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். திண்டிவனம், புதுச்சேரி தாண்டி அவர் போனதை நான் பார்த்ததில்லை. மரக்காணம் உப்பளம் 3,000 ஏக்கருக்கு மேல் இருக்கும். அதில் அவர் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நடக்கிறார். ஆனால் அந்த நடையில் ஒரு அடி கூட அவருடையது இல்லை. பாத்தியிலிருந்து அம்பாரம், அம்பாரத்திலிருந்து பாத்தி. வரப்பை விட்டு விலகினால் வேலை கெடும். கேமில்தான் அவர் முதல் தடவையாகக் காரணமே இல்லாமல் ஒரு இடத்துக்குப் போனார் என்று எனக்குத் தோன்றும். மிஷன் மட்டும் இருக்கும் கேம் உப்பளம் மாதிரி. சுற்ற விடும் கேம்தான் விளையாட்டு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

சான் ஆண்ட்ரியாஸின் மேப் கடலையும் சேர்த்து சுமார் 6 கி.மீ.க்கு 6 கி.மீ., அதாவது 36 சதுர கி.மீ. எங்கள் உப்பளம் மட்டுமே அதில் மூன்றில் ஒரு பங்கு வரும்! ஆனால் விளையாடும்போது ஒரு மாநிலமே இருக்கிற மாதிரி தெரியும். காரணம் மூடுபனி. பிளேஸ்டேஷன் 2-வின் மெமரி வெறும் 32 எம்.பி. தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைய முடியாது, அதனால் பனியை வைத்து மூடிவிட்டார்கள். 2021 நவம்பரில் இதே கேமைப் புதுப்பித்து வெளியிட்டபோது அந்தப் பனி இல்லாமல் போனது. மலை உச்சியில் நின்றால் தூரத்து நகரமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு சின்ன ஊரிலா இத்தனை நாள் சுற்றினோம் என்று பலருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. புகார் குவிந்து, பிறகு வந்த அப்டேட்டுகளில் பனியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் போக வேண்டிய அவசியமே இல்லை. அந்தாண்ட என்ன என்று கேட்க வைப்பது மறைந்திருக்கும் பாதிதான்.

இரண்டாவது விஷயம், பரிசு நிச்சயமில்லை என்பது. சான் ஃபியரோவில் இருக்கும் கான்ட் பாலத்தின் உச்சிக்கு எப்படியோ பறந்து போய் இறங்கினால் அங்கே ஒரு போர்டு இருக்கும்: இங்கே ரகசியம் எதுவும் இல்லை, போய்விடு! கஷ்டப்பட்டு வந்தவனை இப்படிக் கிண்டல் செய்கிறார்களே என்று கோபம் வராது, சிரிப்புதான் வரும். நமக்கு முன்னால் ஒருவன் இங்கே யோசித்திருக்கிறான், நாம் வருவோம் என்று நினைத்திருக்கிறான். காட்டுக்குள் பிக்ஃபுட் என்ற ராட்சத மிருகம் இருப்பதாக ஒரு வதந்தி உலகம் முழுக்கச் சுற்றியது. எங்கள் ஸ்கூல் வரைக்கும் வந்து சேர்ந்தது. கேமில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. இல்லாததைத் தேடி ராத்திரியெல்லாம் காட்டில் அலைந்தோம். அந்த அலைச்சல் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, முடித்த மிஷன்களில் பாதி நினைவில்லை.

பிறகு வந்த பல ஓப்பன் வேர்ல்டு கேம்களில் மேப் இதைவிடப் பெரியது, ஆனால் முழுக்க ஐகான். இங்கே பெட்டி, அங்கே இறகு, 37/100 என்று கணக்கு. மறுபடி பாத்தியும் அம்பாரமும்தான்.

இதை மாற்றிக் காட்டியது 2017-ல் நின்டெண்டோவின் ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு. மேலே ஏறி நீயே பார், உனக்கு எது வித்தியாசமாகத் தெரிகிறதோ அதற்குப் போ என்று விட்டுவிட்டார்கள். அதன் டைரக்டர் ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி, உலகம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று பார்க்கத் தான் நன்றாக அறிந்த கியோட்டோ நகரத்தின் மேப்பை கேம் மேப்பின் மேல் வைத்துப் பார்த்தாராம். 1986-ல் வந்த முதல் ஜெல்டாவும் அப்படித்தான். ஷிகேரு மியாமோட்டோ கியோட்டோ பக்கத்தில் சோனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். சின்ன வயதில் காடுமேடெல்லாம் திரிந்ததும், விளக்கை எடுத்துக்கொண்டு ஒரு குகைக்குள் நுழைந்ததும்தான் அந்த கேமுக்கு விதை. அதாவது உலகமே கொண்டாடும் இந்த கேம்கள், யாரோ ஒருவர் தன் சொந்த ஊரைச் சுற்றியதில் வந்தவை.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. "உங்க ஊர்ல பாக்க இன்னா இருக்கு?" என்று காலேஜில் கேட்டால் மரக்காணத்துக்காரர்கள் நாங்கள் எல்லோரும் சொல்லும் ஒரே பதில், "ஒண்ணும் இல்ல, உப்புதான்." ஆனால் சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஏறத்தாழ 2,000 வருஷங்களுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் சொல்லும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்கிறார்கள். ஆற்றுப்படை என்பதே ஒரு வகையில் வாக்த்ரூதான். பரிசு வாங்கி வந்த பாணன், இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். ஆனால் அதில் மஞ்சள் அம்புக்குறி கிடையாது. வழியில் என்ன பூ பார்ப்பாய், கடற்கரை எப்படி இருக்கும், அந்தப் பட்டினத்துப் பரதவர்கள் உனக்குப் பழைய கள்ளும் சுட்ட மீனும் தருவார்கள் என்று சொல்வான். போகும் வழியைப் பார்க்கச் சொல்லும் வாக்த்ரூ!

போன பொங்கலுக்கு அப்பாவை பைக்கில் ஆலம்பரைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். ஈ.சி.ஆரில் வடக்கே போனால் கடப்பாக்கம் பக்கத்தில் இருக்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது, 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். அப்பா பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம்தான், ஆனால் கோட்டையைப் பார்த்ததில்லை. "அங்க நமக்கு இன்னா வேலை?" என்பதுதான் இத்தனை வருஷப் பதில். உப்பு வெயிலில் கண் கூசிக் கூசி இப்போது அவருக்குப் பார்வை மங்கல், லேப்டாப் திரையெல்லாம் பார்க்க முடியாது. நான் 1760 கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. இடிந்த சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அதனால் நண்பர்களே, ஒரு கேம் நல்ல கேமா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரே சோதனைதான். மிஷனை ஓரமாக வைத்துவிட்டு, அதில் ஒரு மணி நேரம் சும்மா நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது நல்ல கேம். அப்படியே உங்கள் ஊரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பாருங்கள். "ஊர் சுற்றி" என்று திட்டு விழும், பரவாயில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள்.