‘ங்க’ எங்கே போச்சு, கண்ணு?

நம்ம கோபிப் பக்கம் கன்றுக்குட்டியைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள் நீ. போன லீவுக்கு உன் ஹாஸ்டல் தோழி வந்திருந்தபோது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவளைப் பார்த்து ‘கிவ் மீ வாட்டர்’ என்றாய். தமிழ் தெரியாத பிள்ளை. ஒன்றும் சொல்லாமல் சொம்பை நகர்த்தி வைத்தாள். முகம் மட்டும் ஒரு கணம் மாறியது. நீ கவனிக்கவில்லை, அம்மிச்சி கவனித்தேன்.

உன் வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. ‘தண்ணி குடுங்க’ என்பதைத்தான் மனதுக்குள் வைத்துக்கொண்டு சொன்னாய். ஆனால் நம் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. கொடு, கொடுங்க, அவ்வளவுதான். ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. நீ மொழிபெயர்க்கும்போது ‘ங்க’ பாதி வழியிலேயே உதிர்ந்துபோய், வெறும் அதட்டல்தான் அந்தப் பிள்ளையின் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் மரியாதையை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும், உத்தரவைக் கேள்வியாக்க வேண்டும். ‘குட் யூ பாஸ் த வாட்டர், ப்ளீஸ்?’

இதிலும் படிகள் உண்டு. தம்பியிடம் ‘கேன் யூ ஷட் த டோர்?’ போதும். தோழியின் அம்மாவிடம் ‘குட் யூ’. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வது போல ஒருவருக்குக் கொஞ்சம் இடைஞ்சலான வேலை என்றால் ‘வுட் யூ மைண்ட் டர்னிங் இட் டவுன்?’ இதைத் தம்பியிடம் சொல்லிப் பார், என்ன காரியம் ஆகணும் என்று சந்தேகப்படுவான். உன்னிடமே யாராவது ‘வுட் யூ மைண்ட்’ என்று கேட்டால், சம்மதம் என்று நினைத்து ‘எஸ்’ என்று தலையாட்டிவிடாதே. ஆட்சேபணை உண்டா என்பதுதான் கேள்வி. ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிவிட்டு வேலையைச் செய். ஆபீஸ் கடுதாசியில் வரும் ‘கைண்ட்லி’யை மட்டும் வீட்டு வாசல்படிக்கு வெளியே விட்டுவிடு.

என் தலைமுறை ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் வளர்ந்தது. ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றச் சொன்னால் தூக்கத்தில்கூட மாற்றுவோம். அடுப்பில் பால் பொங்கினால் மட்டும் வாய் வராது. பிறகு கபில்தேவ் விளம்பரத்தோடு ரேபிடெக்ஸ் வந்தது. இடத்துக்குத் தகுந்தபடி பேச்சு வாக்கியங்களைப் பிரித்துக் கொடுத்தது நல்ல யோசனைதான். வாங்கியவர்கள் அதையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல மொட்டைமாடியில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தார்கள். சமையல் வாக்கியத்தை அடுப்பு முன்னால் நின்று சொல்லிப் பழகியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வா, அடுப்பங்கரைக்கே போவோம். பால் பொங்கி வழியப் போகிறது. ‘த மில்க் இஸ் பாய்லிங் ஓவர்!’ அந்த ‘ஓவர்’ரை விட்டுவிட்டால் பால் கொதிக்கிறது என்று ஆகிவிடும், கொதிக்கட்டுமே என்று யாரும் எழுந்து வரமாட்டார்கள். அடுப்பை அணைக்க ‘டர்ன் ஆஃப் த ஸ்டவ்’, தணலைக் குறைக்க ‘டர்ன் இட் டவுன்’. சிலிண்டர் தீர்ந்தால் நாம் ‘கேஸ் ஓவர்’ என்கிறோம். நம் நாட்டில் எங்கே சொன்னாலும் புரியும். வெளிநாட்டுக்காரரிடம் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்’ என்று சொல். சர்க்கரை தீர்ந்தாலும், பொறுமை தீர்ந்தாலும் இதே ‘ரன் அவுட்’தான். மாவு புளித்துப்போனால் ‘த பேட்டர் ஹேஸ் கான் சவர்’. பாத்திரம் தேய்ப்பது ‘டூ த டிஷஸ்’, தேய்த்ததைத் துடைத்து அலமாரியில் அடுக்குவது ‘புட் தெம் அவே’. சூடான குக்கரை இறக்கும்போது யாராவது குறுக்கே வந்தால் நீளமான வாக்கியத்துக்கு நேரமில்லை. ‘கேர்ஃபுல், இட்ஸ் ஹாட்!’

கவனித்தாயா, பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. டர்ன், புட், ரன், டூ என்று குட்டி வினைகள். அவற்றோடு ஆஃப், அவுட், ஓவர், டவுன். மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு ஆங்கிலேயர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர், 1953-இல் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார். சுமார் 2,000 சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். வீட்டுப் பேச்சுக்கு அதில் பாதி போதும் என்பது என் கணிப்பு. நீ வாங்கி வைத்திருக்கும் அந்தத் தடித்த அகராதி கதவு சாத்தாமல் முட்டுக் கொடுக்க ஆகும்.

பேச்சு வருவதற்கு வேறு வழி இருக்கிறது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற கல்வியாளர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடம் எடுப்பதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார்கள்: ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம், வரைபடத்தைப் பார்த்து எப்படிப் போகலாம் என்பதுபோல. புத்தி அந்த வேலையில் ஆழ்ந்திருக்கும்போது மொழி தானாகப் பிடிபடும் என்பது அவர் வாதம். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இதைப் பெரிய தத்துவமாகச் சொல்வார்கள். நம்ம ஊர்ப் பூவாத்தாவின் பேத்தி எப்படித் தமிழ் பேசக் கற்றாள் என்று எண்ணிப் பார்த்தால் தத்துவமே வேண்டாம். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே கற்றாள்.

அதனால் கண்ணாடி முன்னால் நின்று ‘மை நேம் இஸ்’ ஒப்பிப்பதை நிறுத்து. ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள், அதைச் செய்யும்போதே பேசு. ‘முடிச்சிட்டியா?’ என்று கேட்டால் ‘நாட் யெட்’, ‘ஆல்மோஸ்ட் டன்’. கூப்பிட்டால் ‘இன் எ மினிட்’. வாசலில் மணி அடித்தால் ‘கேன் யூ கெட் த டோர்?’ இப்படி இரண்டு மூன்று சொல்லில் பதில் சொல்லப் பழகினாலே பயம் பாதி தெளிந்துவிடும். முழு வாக்கியமாகத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் என்னைப் போன்ற வாத்தியார்கள்தான். அது பரீட்சைத்தாளோடு முடிந்த சட்டம்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். இங்கே வேலைக்கு வரும் அக்கா பக்கத்தில் நிற்கும்போது நீயும் உங்கம்மாவும் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவுகிறீர்கள். வார்த்தை புரியாவிட்டாலும் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது அவருக்குப் புரியாதா? ரகசியம் இருந்தால் உள் அறைக்குப் போய்த் தமிழிலேயே பேசுங்கள். ஒருவரை ஒதுக்கி வைப்பதற்காகவா நான் உனக்கு இந்த மொழியைச் சொல்லிக் கொடுக்கிறேன்?

எதிராளி சொன்னது காதில் சரியாக விழவில்லை என்றால் ‘வாட்?’ என்று கேட்காதே, அதட்டுவது போல இருக்கும். ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ வகுப்பில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, பிறகு தப்பான பதில் சொல்லி நின்றிருக்கிறார்கள். அடுத்த வருஷம் உனக்குக் கேம்பஸ் இன்டர்வியூ வரும். கேட்பவர் வேகமாகப் பேசுவார். அங்கே அதிகம் உதவப்போவது இந்த ஒரு வாக்கியம்தான். நாளைக் காலையில் காபி நீ போடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே முணுமுணுவென்று பேசுகிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிக் கேள்.